கடித்த சூரை கைக்கு வரவில்லையா? அறுந்த முனையைப் பாருங்கள்

அமெரிக்காவின் சான் டியாகோவில் பாயின்ட் லோமா பக்கம் போனால் நெடும்பயண மீன்பிடிப் படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து தெற்கே, மெக்சிகோக் கடலில், ஏறக்குறைய இரண்டு நாள் ஓட்டத்தில் அலிஹோஸ் பாறைகள். அதற்கும் அப்பால் போகத் துணிந்தவர்களுக்கு ஹரிகேன் பேங்க் என்ற கடலடி மேடு. ஐந்து நாள் பயணமும் உண்டு, பதினாறு நாள் பயணமும் உண்டு. ராடும் ரீலுமாகச் சூரை (டியூனா) மீனோடு மல்லுக்கட்ட வந்தவர்களிடம் மூன்றாம் நாள் மாலை பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே பல்லவிதான்: "எனக்கு மட்டும் அதிர்ஷ்டமே இல்லை."

நானும் அதைப் பாடியிருக்கிறேன். அலிஹோஸ் பாறைகளுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்த ஒரு காலையில் அடுத்தடுத்து நான்கு சூரைகளை இழந்தேன். நான்காவது போனதும் தூண்டில் நரம்பைச் சுற்றி எடுத்துவிட்டுப் புது முள் கட்ட உட்கார்ந்தேன். படகின் மூத்த பணியாளர் வந்து, "முதலில் முனையைக் காட்டுங்கள்" என்றார். விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். முனை ஸ்பிரிங் போல மூன்று சுற்றுச் சுருண்டிருந்தது. "இதை மீன் அறுக்கவில்லை, நீங்கள் அவிழ்த்து அனுப்பியிருக்கிறீர்கள்" என்றார். நான்கு முறையும் என் முடிச்சுதான் நழுவியிருந்தது. முந்தைய மூன்று முனைகளையும் பார்க்காமலே வெட்டி எறிந்திருந்தேன்.

ஆகவே அறுந்த நரம்பிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே 'பின்னல் நரம்பு' என்பது ரீல் நிறையச் சுற்றியிருக்கும், பல இழை பின்னிய மெல்லிய நரம்பு. 'முன்நரம்பு' என்பது அதன் நுனியில் கட்டும் கண்ணாடி போன்ற ஃபுளோரோகார்பன் துண்டு. 'டிராக்' என்பது ரீலின் பிரேக்: வைத்த அளவுக்கு மேல் மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும்.

அறிகுறி: நரம்பு அறுந்துவிட்டது

முனை சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது. ஃபுளோரோகார்பன் கடினமானது, வழுக்கும். உலர்ந்தபடியே வெடுக்கென்று இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அதன் வலு அங்கேயே போய்விடும். எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக, சுற்றுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்று உட்காரும்வரை இறுக்க வேண்டும். பிறகு முள்ளை ஏதாவது இரும்பு வளையத்தில் மாட்டி, கையுறையோடு நரம்பைப் பிடித்து உடல் எடையைக் கொடுத்து இழுத்துப் பாருங்கள். நழுவுகிற முடிச்சு அங்கேயே நழுவட்டும். இந்தப் படகுகளில் பலரும் கட்டுவது அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய சான் டியாகோ முடிச்சு. எனக்கும் அதுதான் கைவந்தது. எந்த முடிச்சானாலும் சரி, ஆடும் படகில், இருட்டில், பதற்றத்தில் கட்ட வர வேண்டும். வீட்டில் நாற்பது தடவை கட்டிப் பழகிவிட்டு வாருங்கள்.

முனையும் அதற்கு மேலே ஒரு சாணும் வெள்ளையாக நைந்து, சொரசொரப்பாக இருந்தால் அது தேய்மானம். சூரையின் பல் சிறியது. ஆனால் அரை மணி நேரம் அரம் போல உரசினால் எந்த நரம்பும் நையும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு முழத்தை உதடுகளுக்கு இடையே விட்டு இழுத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத சொரசொரப்பும் உதட்டுக்குத் தெரியும். தட்டுப்பட்டால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு முள்ளைப் புதிதாகக் கட்டுங்கள். மீன்கள் வெறிகொண்டு கடிக்கும் நேரத்தில் இதற்கு மனம் வராதுதான். கட்டாதவர்கள் அடுத்த மீனை இழக்கிறார்கள், அவ்வளவுதான். நைந்த இடத்தில் படகின் அடிப்பாகத்துப் பெயின்ட் நிறம் ஒட்டியிருந்தால் குற்றவாளி பல் இல்லை. மீன் படகுக்கு அடியில் புகுந்தபோது நீங்கள் அதைப் பின்தொடராமல் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறீர்கள்.

கத்தியால் அரிந்தது போன்ற முனை என்றால் பக்கத்தில் இருந்தவரின் பின்னல் நரம்பு குறுக்கே ஓடியிருக்கலாம். அது இறுகி ஓடும்போது ரம்பம்தான். அல்லது சுறா. போட்ட இரை நீரில் விழுந்த கையோடு, எந்தப் போராட்டமும் இல்லாமல் வெட்டுப்பட்டால் வாஹூ மீனாக இருக்கும். அதற்கு முள்ளருகே சிறு கம்பித் துண்டு கட்டிக்கொள்ளலாம். ஆனால் கம்பியைக் கண்டால் சூரை பெரும்பாலும் ஒதுங்கிவிடும். எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சுருளவும் இல்லை, நையவும் இல்லை, ஆனால் இற்றுப் போனது என்றால் இழுவை மிஞ்சிவிட்டது. நரம்பின் வலுவில் நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் டிராக் இருக்க வேண்டும்: 40 பவுண்டு நரம்புக்கு 10 முதல் 12 பவுண்டு, 100 பவுண்டு நரம்புக்கு 25 முதல் 30. கையால் இழுத்துப் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், உங்களையும் சேர்த்து. ஸ்பிரிங் தராசு வைத்து அளக்க வேண்டும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ரீலில் பாதி நரம்பு ஓடிப்போனால் மிச்சமிருக்கும் சுருளின் விட்டம் குறைந்துவிடும். டிராக்கை நீங்கள் தொடவே இல்லை என்றாலும் நரம்பின் மேல் விழும் இழுவை ஏறிக்கொண்டே போகும். போதாததற்கு நீளமாக ஓடிய நரம்பைக் கடல்நீரும் பிடித்து இழுக்கும். மீன் தூரம் ஓட ஓட டிராக்கைக் கொஞ்சம் தளர்த்துவதுதான் முறை. பயத்தில் கை தானாக இறுக்கப் போகும்.

பின்னல் நரம்பும் முன்நரம்பும் சேரும் இடத்தில் போயிருந்தால் இணைப்பு முடிச்சு சரியில்லை. எஃப்ஜி முடிச்சு கட்டத் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் பணியாளர்களிடம் கேளுங்கள், கட்டித் தருவார்கள். முள் திரும்பி வந்து, ஆனால் வளைவு நிமிர்ந்திருந்தால் மெல்லிய கம்பி முள்ளைப் பெரிய டிராக்கோடு சேர்த்திருக்கிறீர்கள்.

அறிகுறி: சுற்றிலும் எல்லாருக்கும் மாட்டுகிறது, என் இரையை மோந்துகூடப் பார்க்கவில்லை

பெரும்பாலும் மத்தியில்தான் கோளாறு. கடலுக்குப் புறப்படும் முன் படகு துறைமுகத்திலேயே உயிர் மத்தியை ஏற்றிக்கொள்ளும். அதைத் தொட்டிகளில் நீர் ஓடவிட்டு, பயணம் முழுவதும் உயிரோடு காப்பார்கள். (உயிர் இரையை எறிந்து சூரையைப் படகருகே வரவழைப்பது நம் பக்கத்து மினிக்காய்த் தீவுக்காரர்களுக்கும் கைவந்த கலை, அவர்கள் கையில் ரீலுக்குப் பதில் நீளமான கழி.) தொட்டியருகே ஒரு நிமிடம் நின்று உள்ளே பாருங்கள். எல்லா மத்தியும் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருக்கும். மூக்கு சிவந்து, செதில் உதிர்ந்து, கூட்டத்தை விட்டு மேலே தனியாக அலைகிற மத்திதான் சுலபமாகக் கைக்குச் சிக்கும். அதைத்தான் அவசரக்காரர்கள் எடுப்பார்கள். அதை எடுக்காதீர்கள். முதுகு பச்சையாக, செதில் முழுதாக, வலையில் துள்ளுவதாகப் பாருங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். இறுக்கிப் பிசைந்தால் அது கடலில் விழுந்ததும் மல்லாந்துவிடும்.

முள்ளை மூக்கில் குறுக்கே குத்தலாம், செவுளுக்குப் பின்னால் இருக்கும் கெட்டியான எலும்பருகே குத்தலாம், வாலடியில் குத்தி ஆழத்துக்கு ஓடவிடலாம். எது சரி என்பதை அன்றைய மீன்தான் சொல்லும். மத்தி படகை விட்டு விலகி ஓட வேண்டும், அதுவே சோதனை. படகுக்கு அடியில் நிழல் தேடித் திரும்பி வருகிற மத்தியை எடுத்துவிட்டு வேறு போடுங்கள். ஒரே மத்தியைப் பத்து நிமிடம் ஊறப்போட்டுக்கொண்டு காத்திருப்பது ஊறுகாய்க்குப் பொருந்தும், சூரைக்குப் பொருந்தாது.

இரை நன்றாக ஓடியும் கடிக்கவில்லை என்றால் நிற்கும் இடத்தைப் பாருங்கள். படகு காற்றில் ஒதுங்கி மிதக்கும்போது காற்று முகத்தில் அடிக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தப் பக்கத்தில்தான் நரம்பு படகை விட்டு விலகிப் போகும். மறுபக்கம் நின்றால் படகு உங்கள் நரம்பின் மேலேயே ஏறும். நங்கூரம் போட்டிருந்தால் நீரோட்டம் போகும் பின்பக்கம்.

அதுவும் சரியாக இருந்தால் நரம்பின் கனம். வெயில் ஏறி, கடல் தெளிந்து கிடக்கும் நடுப்பகலில் 60 பவுண்டு முன்நரம்பைப் பார்த்து முகம் திருப்பும் மீன், 40க்கு வரும், 30க்கு ஓடி வரும். நரம்பைக் குறைத்தால் முள்ளையும் குறையுங்கள். பெரிய முள்ளைச் சுமந்துகொண்டு சின்ன மத்தி நீந்தாது. கனம் குறைத்தால் மீன் கடிக்கும், ஆனால் அறுத்துக்கொண்டும் போகும். இந்தப் பேரம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கடைசியாக ஆழம். மேலே ஒன்றும் இல்லாமல், மீன்கள் 150 அடியில் நிற்பதாகக் கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னால், மேலே மிதக்கும் மத்தியால் பயனில்லை. ஈயக்குண்டை ரப்பர் பேண்டால் முன்நரம்பில் கட்டி இறக்குங்கள். மீன் மாட்டியதும் ரப்பர் அறுந்து குண்டு விலகிவிடும். இரவில் நீலத்துடுப்புச் சூரைக்கு ஜிக் எனப்படும் கனமான உலோக இரையை இறக்குவார்கள். கேப்டன் சொல்லும் ஆழத்தை, நிறம் மாறி மாறி வரும் பின்னல் நரம்பைப் பார்த்து எண்ணிக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: கடித்தது, ஓடியது, பிறகு வெறும் முள் வந்தது

வட்ட முள் போட்டிருந்தீர்களா? ராடை ஓங்கி இழுத்தீர்களா? அதுதான் காரணம். வட்ட முள்ளுக்கு ஓங்குதல் ஆகாது. மீன் இரையை விழுங்கிக்கொண்டு திரும்பி ஓடும்போது, நரம்பு இறுகும் வேகத்தில் முள் தானாக வழுக்கி வந்து வாயோரத்தில் ஏற வேண்டும். ராடு நுனியை மீன் இருக்கும் திசைக்குக் காட்டி, கட்டைவிரலை நரம்பின் மேல் லேசாக வைத்து ஓடவிடுங்கள். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். டிராக் நெம்புகோலை மெதுவாக மேலே தள்ளுங்கள். ராடு வளைந்ததும் சுற்றத் தொடங்குங்கள். அந்த மூன்று விநாடி மிக நீளமானது. குளத்தில் கெண்டை பிடித்து வளர்ந்த கைக்கு அதைக் கற்றுக்கொடுப்பது பெரும்பாடு.

அறிகுறி: ஓட்டத்தின் நடுவே ரீல் திக்கியது

ராடு நுனி சீராக வளைந்திருக்காமல் வெட்டி வெட்டிக் குதித்தால் டிராக் தட்டுகளில் உப்போ ஈரமோ ஏறியிருக்கிறது. போன பயணம் முடிந்ததும் டிராக்கைத் தளர்த்தாமல் ஆறு மாதம் அலமாரியில் வைத்திருந்தாலும் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். நடுக்கடலில் பிரித்துப் பார்க்க வேண்டாம். படகிலிருந்து மாற்று ரீல் கேட்டு வாங்குங்கள்.

ஓடிக்கொண்டிருந்த நரம்பு திடீரென்று நின்று, துப்பாக்கி வெடித்தது போல அறுந்தால் கதை வேறு. பின்னல் நரம்பை ரீலில் தொளதொளவென்று சுற்றியிருக்கிறீர்கள். பெரிய மீன் இழுக்கும்போது மேல் சுற்று அடிச் சுற்றுகளுக்கு இடையே புதைந்து பூட்டிக்கொள்கிறது. கடையில் இயந்திரத்தில் இழுவை கொடுத்துச் சுற்றச் சொல்லுங்கள். கல் போல இறுக வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது.

அறிகுறி: மீன் நேர் கீழே வட்டமிடுகிறது, ஒரு முழம்கூட ஏறவில்லை

இந்தப் படகுகளில் 200 பவுண்டைத் தாண்டிய மஞ்சள் துடுப்புச் சூரையைப் 'பசு' என்பார்கள். 1977இல் சான் பெனடிக்டோ தீவருகே பிடிபட்ட 388 பவுண்டு 12 அவுன்சு மீன் 33 ஆண்டுகள் உலகச் சாதனையாக நின்றது. அந்தத் தீவு அடங்கிய மெக்சிகோவின் தீவுக் கூட்டம் 2017 முதல் மீன்பிடி தடை செய்யப்பட்ட தேசியப் பூங்கா. பசு எந்தக் கடலில் மாட்டினாலும் கடைசிக் கட்டம் ஒன்றுதான்: படகுக்குக் கீழே அகன்ற வட்டத்தில் சுற்றிச் சுற்றி வரும். முதுகு ஒடிகிறவரை ராடைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பீர்கள். மீனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

ராடின் முன்பிடியைப் படகின் விளிம்புக் கட்டையில் சாய்த்துவிடுங்கள். ரீலைத் தாழ்ந்த கியருக்கு மாற்றுங்கள். இனிப் படகே உங்களுக்காக உழைக்கும். அலையில் படகின் உங்கள் பக்கம் மேலெழும்போது சும்மா பிடித்துக்கொள்ளுங்கள், மீன் தூக்கப்படும். அந்தப் பக்கம் தாழும்போது கிடைக்கும் தளர்ச்சியைச் சுற்றிவிடுங்கள், அரைச் சுற்றானாலும் சரி. வட்டத்தையும் அப்படியே படிக்க வேண்டும். மீன் உங்களை விட்டு விலகும் பாதியில் காத்திருங்கள், உங்களை நோக்கி வரும் பாதியில் சுற்றுங்கள். ஐந்து நிமிடம் ஒன்றுமே நகரவில்லை என்றால் கோணத்தை மாற்றுங்கள், விளிம்போடு பத்தடி நடந்தாலும் போதும். மீனுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்தால் அது மீண்டும் புதிய மீன். உலகச் சாதனைக் கனவு இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை: விளிம்பில் ராடைச் சாய்த்தாலோ, வேறொருவர் கை ராடில் பட்டாலோ அது சாதனைக் கணக்கில் சேராது. எனக்கு அந்தக் கவலை வந்ததில்லை.

அறிகுறி: என் நரம்பும் இன்னும் நாலு பேர் நரம்பும் ஒரே சடை

நரம்பு எங்கே போகிறதோ அங்கே நீங்களும் போக வேண்டும். உங்கள் நரம்பு எப்போதும் உங்களுக்கு நேர் எதிரே இருந்தால் சிக்கல் வராது. மீன் முன்பக்கம் ஓடினால் நீங்களும் முன்பக்கம் நடங்கள். குறுக்கே நிற்கிறவரின் நரம்புக்கு மேலா கீழா என்று பணியாளர் கத்துவார். வாதம் செய்யாமல் ராடை அப்படியே நுழைத்து எடுங்கள். சடை விழுந்துவிட்டால் மீன் இல்லாதவர் நரம்பைத் தளர விட வேண்டும், தேவைப்பட்டால் வெட்டவும் விட வேண்டும். தன் முள்ளைக் காப்பாற்ற இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவரை அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

அறிகுறி: தலை மட்டும் வந்தது

சுறா. அடுத்தடுத்து இரண்டு மூன்று பேருக்கு இப்படி ஆனால் கேப்டன் நங்கூரத்தை எடுத்துவிடுவார். அதுவரை கனமான நரம்புக்கு மாறி, போராட்டத்தைச் சுருக்குங்கள். மத்தியின் வால் மட்டும் போய், சற்றுத் தள்ளி மீசை வைத்த தலை ஒன்று எட்டிப் பார்த்தால் அது கடல்சிங்கம். அதற்கு மருந்தில்லை.

அறிகுறி: கொக்கி போடும் நேரத்தில் போய்விட்டது

நிறம் தெரிந்தது, "அதோ!" என்று கத்தினீர்கள், மூன்று கொக்கிக் கம்புகள் நீண்டன, மீன் தலையை ஒரு ஆட்டு ஆட்டியது, போயிற்று. இரண்டு காரணங்களில் ஒன்றுதான். உற்சாகத்தில் கடைசி நேரத்தில் தலையை நீருக்கு மேலே தூக்கிவிட்டீர்கள். நீரின் தாங்கல் போனதும் மொத்தப் பாரமும் முள் ஏறிய சிறு துளையில் விழுந்தது. அல்லது மீன் வந்தேவிட்டது என்று நினைத்து நரம்பைத் தொய்ய விட்டீர்கள். பணியாளர் போதும் என்று சொல்லும்வரை சுற்றி, பிறகு நிறுத்தி, ராடை அசையாமல் பிடித்திருங்கள். கொக்கி மீனில் இறங்கியதும் டிராக்கை விடுவித்து, கட்டைவிரலை மட்டும் லேசாக வைத்துக்கொள்ளுங்கள். மீன் கொக்கியிலிருந்து துள்ளிக் கழன்றாலும் நரம்பு ஓட வழி இருக்கும்.

அறிகுறி: வீட்டில் வெட்டினால் சதை வெளிறி, நீர் விட்டு, புளிக்கிறது

இது கடலில் நடந்த பிழை, சமையலறையில்தான் தெரியவரும். சூரை தன் உடல் சூட்டைக் கடல்நீரைவிடக் கூடுதலாக வைத்துக்கொள்ளக்கூடிய மீன். நீண்ட நேரம் போராடினால் அந்தச் சூடும், தசையில் சேரும் அமிலமும் சேர்ந்து சதையை உள்ளுக்குள்ளேயே வேகவைத்துவிடும். மீன் தளத்தில் விழுந்ததும் மூளையில் குத்தி அடக்க வேண்டும், உடனே குருதி வடிக்க வேண்டும். பிறகு உங்கள் எண் பொறித்த சிட்டையைச் செவுள் மூடியில் அடித்து, உறைநிலையை ஒட்டிய குளிர் கடல்நீர்க் கிடங்குக்குள் இறக்குவார்கள். பணியாளர்களின் கை ஓயாத வேளையில் உங்கள் மீன் வெயிலில் கிடந்தால் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். செவுளை வெட்டி வடியவிடுங்கள், அல்லது குரல் கொடுங்கள்.

என் முதல் பெரிய மீன் 55 நிமிடம் போராடியது. அதன்பிறகு நான் அதோடு ஏழெட்டுப் படம் எடுத்துக்கொண்டேன். வீட்டில் பச்சையாகத் துண்டு போட்டுத் தின்னும் ஆசையில் நண்பர்களை அழைத்திருந்தேன். கத்தி இறங்கியதும் சாம்பல் நிறம். கடைசியில் குழம்புதான் வைத்தோம்; வழக்கமாகப் போடுவதில் பாதிப் புளியே போதுமானதாக இருந்தது.